சுழலியை ஏன் இறக்கை நுனியில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள்?

கேள்வி இது: "வி-22 ஆஸ்ப்ரே மாதிரி டில்ட்ரோட்டர் விமானங்களில் அவ்வளவு பெரிய சுழலியையும் இன்ஜினையும் இறக்கையின் நுனியில் ஏன் மாட்டுகிறார்கள்? உடம்புக்குப் பக்கத்தில் வைத்தால் பலமாக இருக்காதா? திரும்பவும் வேண்டும், ஒடியவும் கூடாது என்றால் எப்படிப் பொருத்துகிறார்கள்? இந்த செமஸ்டர் புராஜெக்டுக்கு நாங்கள் சின்னதாக ஒன்று செய்ய நினைக்கிறோம்."

நல்ல கேள்வி. டில்ட்ரோட்டர் என்றால் சுழலியை மேல்நோக்கி வைத்து ஹெலிகாப்டராக எழும்பி, பிறகு அதை முன்னோக்கித் திருப்பி விமானமாகப் பறப்பது. இந்த விமானத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் சுழலியைத் திருப்புவதுதான் பெரிய வித்தையாகத் தெரியும். திருப்புவதற்கு ஒரு அச்சு, சில பேரிங்குகள், நீண்டு சுருங்குகிற ஒரு திருகு போதும். திருப்பி முடித்த பிறகு அதை ஆடாமல் பிடித்துக்கொள்வதில்தான் இந்தத் துறையினர் இருபது வருஷத்துக்கு மேல் செலவழித்தார்கள். டில்ட்ரோட்டரின் இறக்கை தூக்குவதற்காக மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். சுழலியைப் பிடித்துக்கொள்கிற விறைப்பான கை அது. அந்த இறக்கை ஏன் அவ்வளவு குட்டை, ஏன் அவ்வளவு தடிமன், ஏன் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதற்கெல்லாம் காரணம் அதுதான்.

முதலில் நுனி விஷயம். அந்தரத்தில் நிற்க வேண்டும் என்றால் நிறையக் காற்றை மெதுவாகக் கீழே தள்ள வேண்டும். அதற்குப் பெரிய வட்டம் வேண்டும். ஆஸ்ப்ரேயின் ஒவ்வொரு சுழலியும் 11.6 மீட்டர் விட்டம். இந்த வட்டம் மேல்நோக்கி இருக்கும்போது பிரச்சினை இல்லை. முன்னோக்கித் திரும்பியதும் அது விமானத்தின் உடம்புக்குப் பக்கவாட்டில் சுழல்கிற ஒரு பெரிய விசிறி. பிளேடின் முனை உடம்பில் பட்டுவிடக்கூடாது. அப்படியானால் சுழலியின் மையம் உடம்பின் நடுக்கோட்டிலிருந்து குறைந்தது வட்டத்தின் ஆரமும், உடம்பின் பாதி அகலமும், கொஞ்சம் இடைவெளியும் சேர்ந்த தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆஸ்ப்ரேயில் இரண்டு சுழலி மையங்களுக்கு நடுவே சுமார் 14.2 மீட்டர். பாதி 7.1, அதில் ஆரம் 5.8 போக மீதி 1.3 மீட்டர்தான். அதற்குள்ளேயே உடம்பின் பாதி அகலமும் அடங்க வேண்டும். அதாவது பிளேடின் முனை விமானத்தின் விலாவை ஒட்டிக்கொண்டுதான் போகிறது. இதைவிட உள்ளே தள்ளிவைக்க இடமே இல்லை.

வெளியே? வெளியே தள்ளினால் இறக்கை நீளும், எடை கூடும், வளையும். மையத்தைத் தாண்டி இறக்கையை நீட்டினாலும், அந்த நீட்டல் அந்தரத்தில் நிற்கும்போது சுழலியின் காற்றோட்டத்துக்கு அடியில் குறுக்கே நிற்கும். ஆகவே நுனியில் கொண்டுபோய் மாட்டினார்கள் என்று சொல்வதைவிட, சுழலி எங்கே வந்தாக வேண்டுமோ அங்கேயே இறக்கையை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வது சரி.

சுழலியைச் சின்னதாக்கி உடம்புக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்பீர்கள். ஒரு கணக்கு பாருங்கள். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் ஒற்றைச் சுழலி 16.36 மீட்டர் விட்டம். பரப்பு 210 சதுர மீட்டர். ஆஸ்ப்ரேயின் இரண்டு வட்டங்களையும் கூட்டினால் ஏறக்குறைய அதே பரப்புதான் வருகிறது. ஆனால் பிளாக் ஹாக் தூக்குவது சுமார் 10 டன். ஆஸ்ப்ரே செங்குத்தாகக் கிளம்பும்போது தூக்குவது 23.8 டன். ஏற்கெனவே இரண்டு மடங்குக்கு மேல் நெருக்கடி. அதனால்தான் அதற்கு 6,150 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு தேவைப்படுகிறது, அடியில் நிற்பவனைக் காற்று தள்ளிவிடுகிறது. இன்னும் சின்னதாக்க முடியாது. பெரிதாக்கவும் முடியவில்லை. கப்பல் தளத்தில் இறங்கும்போது ஒரு பக்கம் கப்பலின் கட்டடம், மறுபக்கம் தளத்தின் விளிம்பு. நடுவில் எவ்வளவு அகலம் கிடைத்ததோ அதற்குத்தான் சுழலியின் அளவைத் தைத்தார்கள்.

சரி, இப்போது அந்தக் கையின் மேல் என்னவெல்லாம் தொங்குகிறது என்று பார்ப்போம். இன்ஜின், சுழலியின் கியர்பாக்ஸ், மாஸ்ட் எனப்படும் சுழல் தண்டு, அதன் தலையில் மூன்று பிளேடு, எண்ணெய் டாங்க், குளிரூட்டி, இவை எல்லாவற்றையும் மூடுகிற கூடு. இந்தக் கூட்டை நாசெல் என்பார்கள். தரையில் நிற்கும்போது இறக்கை ஒரு காவடித் தண்டு: இரண்டு முனையிலும் பாரம், நடுவில் தோள். அந்தரத்தில் எழும்பினால் அதே தண்டு பல்லக்குத் தண்டாகிவிடுகிறது: இரண்டு முனையிலும் ஆள் தூக்குகிறான், நடுவில் பாரம் தொங்குகிறது. ஒரே பயணத்தில் ஒரே தண்டு கீழ்நோக்கியும் வளைய வேண்டும், மேல்நோக்கியும் வளைய வேண்டும். இது போதாதென்று, நாசெலின் எடை அச்சில் சரியாக உட்காராமல் முன்னே பின்னே இருப்பதால் தண்டை முறுக்கவும் செய்கிறது. பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவன் தண்டைத் திருகிக்கொண்டே நடந்தால் எப்படி இருக்கும், அப்படி.

பொருத்தும் முறை எளிதாகத்தான் இருக்கிறது. இறக்கையின் உள்ளே முன்னும் பின்னுமாக ஓடுகிற ஸ்பார் என்ற விட்டங்கள், மேல் தோல், கீழ்த் தோல் எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டி. இந்தப் பெட்டி நுனியில் முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு தடித்த குழாய் அச்சு. அதைப் பேரிங்குகள் தாங்குகின்றன. நாசெல் இந்த அச்சில்தான் கதவுக் கீலில் கதவு மாதிரி திரும்புகிறது. அச்சைக் குழாயாக வைப்பதற்குக் காரணம், அதன் நடுவழியாகத்தான் சுழலிகளை இணைக்கிற தண்டு போக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். திருப்புவது ஒரு பந்துத் திருகு: ஹைட்ராலிக் அழுத்தத்தில் சுழன்று நீளும், சுருங்கும். ஒரு முனை இறக்கையில், மறுமுனை நாசெலில். நீண்டால் நாசெல் நிமிரும், சுருங்கினால் படுக்கும். ஆஸ்ப்ரேயில் 0 டிகிரியிலிருந்து 97.5 டிகிரி வரை போகும். நேர் செங்குத்தைத் தாண்டி அந்த ஏழரை டிகிரி எதற்கென்றால், பின்னால் நகர்வதற்கும் தரையில் வேகத்தைக் குறைப்பதற்கும். முழுத் திருப்பத்துக்குக் குறைந்தபட்சம் 12 விநாடி போதும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி, பலர் கண்ணில் படாத ஒன்று: நாசெல் முழுதாகப் படுத்ததும் அது ஒரு தடுப்பின் மேல் உட்காருகிறது. உட்கார்ந்த பிறகும் திருகு விடுவதில்லை. நாசெலைத் தடுப்பின் மேல் அழுத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஏன் தெரியுமா? எந்தக் கீலிலும், எந்தத் திருகிலும் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கும். வீட்டுக் கதவைத் தாழ் போட்ட பிறகும் காற்றடித்தால் டக் டக் என்று ஆடுவதில்லையா? அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு காகிதத்தை மடித்துச் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். அந்த மடித்த காகிதத்தின் வேலையைத்தான் இந்த அழுத்தம் செய்கிறது. நாசாவின் காற்றுச் சுரங்கங்களில் மாதிரிகளைச் சோதிக்கும்போது, தடுப்பில் உட்கார்ந்த நிலை, தடுப்பை விட்டு எழுந்த நிலை என்று இரண்டையும் தனித்தனியாகவே சோதிப்பார்கள். இரண்டுக்கும் விறைப்பு வேறு. ஆகவே ஆபத்து தொடங்குகிற வேகமும் வேறு.

எந்த ஆபத்து? இங்கேதான் கதையின் மையம்.

பம்பரம் நன்றாகச் சுற்றும்போது அசையாமல் நிற்கும், 'தூங்குது' என்போம். வேகம் குறைந்ததும் தலையாட்டத் தொடங்கும், தலை ஒரு வட்டம் போடும். பெரிய சுழலியும் ஒரு பம்பரம்தான். ஒரு காற்றடியில் அதன் தண்டு கொஞ்சம் மேலே தூக்கப்பட்டால், சுழலும் பொருளுக்கே உள்ள குணத்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். பக்கவாட்டில் திரும்பினால் கீழே போகப் பார்க்கும். இப்படி மாஸ்டின் தலை ஒரு சின்ன வட்டம் போடும். தாங்கியிருக்கும் அமைப்பு விறைப்பாக இருந்தால் இரண்டு மூன்று சுற்றில் வட்டம் சுருங்கி அடங்கிவிடும்.

விமானம் வேகமாகப் போகும்போது காற்று இதில் தலையிடுகிறது. மெதுவாகப் போகும்போது பிளேடு ஏறக்குறைய வட்டத்தின் தளத்திலேயே படுத்திருக்கும். அதன் மேல் வருகிற விசை தண்டின் திசையில், அதாவது முன்னோக்கி இழுக்கும். வேகம் ஏற ஏற பிளேடை முறுக்கி, ஏறக்குறைய விமானம் போகிற திசையைப் பார்க்கும்படி வைக்க வேண்டியிருக்கிறது. அப்போது அதன் விசையில் வருகிற ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி முன்னோக்கி இருக்காது. வட்டத்தின் தளத்திலேயே, அதாவது பக்கவாட்டிலோ மேலே கீழேயோ, மாஸ்டின் தலையைத் தள்ளுகிற மாதிரி வந்து சேரும். தலை ஆடும்போது அந்த ஆட்டமே இந்த விசையைப் பிறப்பிக்கிறது. அது ஆட்டத்தை எதிர்த்து வந்தால் நல்லது. ஆனால் ஒரு வேகத்துக்கு மேல் அது ஆட்டம் போகிற திசையிலேயே வருகிறது. ஊஞ்சல் போகிற நேரம் பார்த்து ஒருவன் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? வட்டம் சுற்றுக்குச் சுற்று பெரிதாகும். விமானத்தின் முன்னோக்கிய வேகத்திலிருந்தே அதற்குச் சக்தி கிடைக்கிறது, அதனால் தீர்ந்தும் போகாது. சில விநாடிகளில் தாங்கி முறியும். இதை 'விர்ல் ஃபிளட்டர்' என்பார்கள். சுழல் படபடப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இது வெறும் தாள் கணக்கில் மட்டும் இருக்கிற பூதம் என்று நினைத்துவிடாதீர்கள். டில்ட்ரோட்டர்களுக்கு வெளியே, சாதாரணப் பயணிகள் விமானத்திலேயே இது ஆள் விழுங்கியிருக்கிறது. லாக்ஹீட் எலெக்ட்ரா, புரொப்பெல்லரைச் சுற்றுகிற டர்போபிராப் இன்ஜின் நான்கு கொண்ட விமானம். 1959 செப்டம்பரில் டெக்சஸில் ஒன்று, 1960 மார்ச்சில் இந்தியானாவில் இன்னொன்று, இரண்டும் வானத்திலேயே இறக்கை பிய்ந்து விழுந்தன. எவரும் பிழைக்கவில்லை. வெளிப்புற இன்ஜினைத் தாங்கும் அமைப்பு விறைப்பு குறைந்திருந்தால் புரொப்பெல்லர் தலையாட்டத் தொடங்கி, அந்த ஆட்டம் இறக்கையின் இயல்பான ஆட்டத்தோடு தாளம் சேர்ந்து, இறக்கையையே பிய்த்துவிடும் என்று விசாரணையில் தெரிந்தது. சாதாரண புரொப்பெல்லருக்கே இந்தக் கதி என்றால், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிய சுழலியை, கீலில் ஆடுகிற தாங்கியில், இறக்கையின் கடைசி நுனியில் வைத்தால்?

அந்தக் கேள்விக்கு அடிபட்டுப் பதில் கண்டுபிடித்த விமானம் பெல் நிறுவனத்தின் எக்ஸ்வி-3. அதற்கு முன்னால் டிரான்சென்டென்டல் என்ற சின்ன நிறுவனத்தின் மாடல் 1-ஜி என்ற குட்டி விமானம் 1954-இல் பறந்தது, சுழலிகளை ஏறக்குறைய முழுதாகவே முன்னால் சாய்த்தும் காட்டியது, 1955-இல் விழுந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் லிக்டன் பெல்லுக்குப் போய்ச் சேர்ந்தார். எக்ஸ்வி-3 1955 ஆகஸ்ட் 11 அன்று எழும்பியது. அதில் 450 குதிரைத்திறன் பிஸ்டன் இன்ஜின் ஒன்றை உடம்புக்குள் வைத்து, தண்டு வழியாக நுனிச் சுழலிகளைச் சுற்றினார்கள். மூன்று பிளேடு, நீளமான மாஸ்ட். 1956 அக்டோபரில் சுழலியின் ஆட்டம் கட்டுக்கடங்காமல் போய் விமானம் விழுந்தது. விமானி படுகாயத்தோடு பிழைத்தார். இரண்டாவது விமானத்தில் இரண்டு பிளேடு சுழலி போட்டார்கள், இறக்கைக்கு அடியிலிருந்து உடம்புக்கு முட்டுக்கம்பி கொடுத்தார்கள். சாய்கிற பந்தலுக்கு முட்டு கொடுக்கிற அதே வேலை. அப்படித்தான் 1958 டிசம்பர் 18 அன்று முழு மாற்றம் நடந்தது: ஹெலிகாப்டராக எழும்பி, விமானமாகப் பறந்த முதல் டில்ட்ரோட்டர் அது.

ஆனாலும் எக்ஸ்வி-3 கடைசிவரை அந்த வியாதியோடுதான் வாழ்ந்தது. வேகம் கூட்டினால் நடுங்கும். அதைப் புரிந்துகொள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ராட்சதக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 1966 மே 20 அன்று, அதே சுரங்கத்துக்குள், சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே நுனியில் சுழலி பிய்ந்துபோயிற்று. இறக்கை நுனியில் உலோகச் சோர்வால் வந்த விரிசல் விறைப்பைக் குறைத்திருந்தது. வடிவமைப்பாளர்கள் பத்து வருஷம் தாளில் எழுதிக்கொண்டிருந்ததை ஒரு விரிசல் செய்து காட்டிவிட்டது. அந்த விமானத்தில் 110 முழு மாற்றங்கள் நடந்திருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. இன்று அது ஓஹயோவில் டேட்டன் நகரத்து விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அதன்பிறகு வந்த எக்ஸ்வி-15 இந்தப் பாடங்களை எல்லாம் உடம்பில் பச்சைகுத்திக்கொண்டு வந்தது. மாஸ்டைக் குட்டையாக்கினார்கள், தலை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு ஆட்டம். முட்டுக்கம்பியை எடுத்துவிட்டு, இறக்கையையே தடிமனாக்கினார்கள்: இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தில் 23 சதவீதம் தடிமன். ஜெட் பயணிகள் விமானத்தின் இறக்கை இதில் பாதிதான் இருக்கும். ஒரு பெட்டியை முறுக்குவதற்கு எவ்வளவு எதிர்ப்பு என்பது அதன் உயரத்தோடு வேகமாகக் கூடும். அதனால்தான் இந்தத் தடிமன். அதற்கு விலை, காற்றுத் தடை. டில்ட்ரோட்டர் 300 நாட் (மணிக்குச் சுமார் 555 கிலோமீட்டர்) வேகத்துக்குக் கிட்டே போகவே திணறுவதற்கு இந்தத் தடித்த இறக்கையும் ஒரு முக்கியக் காரணம். பலம் என்று மட்டும் பார்த்தால் இதைவிட மெல்லிய இறக்கையே போதும். விறைப்பு கேட்கிறது, எனவே கொடுத்தாக வேண்டும். பலமும் விறைப்பும் வேறு வேறு. மூங்கில் எளிதில் ஒடியாது, ஆனால் வளையும். இங்கே வளையவே கூடாது. எக்ஸ்வி-15 1977 மே 3 அன்று எழும்பி, 1979 ஜூலை 24 அன்று முழு மாற்றம் செய்தது. அந்த வடிவம்தான் பெரிதாகி ஆஸ்ப்ரே ஆனது. ஆஸ்ப்ரேயின் இறக்கைத் தடிமனும் அதே 23 சதவீதம்.

இறக்கை முன்பக்கம் சாய்ந்திருப்பதைப் படங்களில் கவனித்திருப்பீர்கள், ஆறு டிகிரி அளவுக்கு. பார்க்க விசித்திரம். காரணம் மிகச் சாதாரணம். சுழலியின் தலை ஒரு மூட்டில் உட்கார்ந்திருக்கிறது, வட்டமே முன்னும் பின்னும் கொஞ்சம் சாயலாம். விமானமாகப் பறக்கும்போது வட்டம் பின்பக்கம் சாய்ந்தால் பிளேடின் முனை இறக்கையின் முன்விளிம்பைத் தொட்டுவிடும் அபாயம். பிளேடின் முனை சுழன்று வந்து இறக்கைக்கு முன்னால் நிற்கிற இடம் உடம்புக்குப் பக்கத்தில். அங்கேதான் இடைவெளி அதிகம் வேண்டும். நுனியை முன்னால் தள்ளினால் அடிப்பகுதி தானாகப் பின்னால் போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இனி அந்தக் குறுக்குத் தண்டு. இரண்டு இன்ஜினும் ஆளுக்கொரு நுனியில் இருப்பதால், ஒன்று நின்றுபோனால் ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் விழும். விமானம் நொடியில் புரண்டுவிடும். அதனால் இறக்கைக்குள்ளே ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை தண்டு ஓடுகிறது. ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றது இரண்டு சுழலிகளையும் சுற்றும். இரண்டு இன்ஜினும் ஓடும்போது அந்தத் தண்டு பெரிய பாரம் சுமப்பதில்லை, இரண்டு சுழலிகளும் ஒரே வேகத்தில் போகும்படி பார்த்துக்கொள்கிறது. ஆனால் இறக்கை வளையும், தண்டு வளையக்கூடாது. அதனால் தண்டைத் துண்டு துண்டாக்கி, நடுநடுவே வளைந்து கொடுக்கும் இணைப்புகளைப் போட்டார்கள். ஆஸ்ப்ரேயில் இறக்கை முன்னால் சாய்ந்திருப்பதால் இரண்டு பக்கத் தண்டும் நடுவில் கோணத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒரு கியர்பாக்ஸ் வைக்க வேண்டியதாயிற்று. போதாதற்குக் கப்பலில் நிறுத்துவதற்காக முழு இறக்கையும் உடம்பின் மேல் ஒரு வளையத்தில் 90 டிகிரி சுற்றி, உடம்போடு நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். இதைப் பார்த்தால், இவ்வளவு மூட்டுள்ள பொருள் பறப்பதே பெரிது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த ஏற்பாடு பழிவாங்கிய நாட்களும் உண்டு. 2022 ஜூன் 8 அன்று கலிபோர்னியாவில் ஐந்து மரீன் வீரர்கள் இறந்த விபத்தில், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கிளட்ச் நழுவி, மறுபடி முரட்டுத்தனமாகப் பற்றிக்கொண்டது; அந்த அதிர்ச்சியில் இணைப்புத் தண்டு அமைப்பே செயலிழந்தது. 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா அருகே எட்டுப் பேர் இறந்த விபத்தில், நுனிக் கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் விரிசல்விட்டு உடைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொருத்தும் கீலும் இறக்கையும் தப்பித்துவிட்டன, அதற்குள் ஓடுகிற பல்சக்கரங்கள்தான் இன்று பலவீனமான இடம் என்று எனக்குப் படுகிறது.

நுனியில் இருப்பதால் வருகிற இன்னொரு வினையும் சொல்ல வேண்டும். 2000 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவில் மரானாவில் 19 பேர் இறந்தார்கள். வேகமில்லாமல் விறுவிறுவென்று இறங்கியபோது ஒரு சுழலி தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு தூக்கும் சக்தியை இழந்தது. சாதாரண ஹெலிகாப்டரில் இது நடந்தால் மொத்தமும் கீழே இறங்கும். இங்கே ஒரு நுனி மட்டும் இழந்ததால் விமானம் தலைகீழாகப் புரண்டது. ஏழு மீட்டர் நீளக் கையின் முனையில் ஏற்றத்தாழ்வு வந்தால் அப்படித்தான்.

அப்புறம் எண்ணெய். நாசெல் திரும்பும்போது அதற்குள் உள்ள இன்ஜினும் திரும்புகிறது. படுத்த நிலையில் 'கீழே' என்று இருந்த இடம், நிமிர்ந்ததும் 'முன்னால்' ஆகிவிடும். 1992 ஜூலை 20 அன்று வர்ஜீனியாவின் குவாண்டிகோவில், நாசெலுக்குள் கசிந்து தேங்கியிருந்த எரியும் திரவம் நாசெல் திரும்பியபோது இன்ஜினுக்குள் போய்த் தீப்பிடித்தது. தீ இணைப்புத் தண்டையும் தின்றுவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். சொம்பைச் சாய்த்தால் தண்ணீர் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சொம்பின் எல்லாக் கோணத்துக்கும் வடிகால் யோசிப்பது தனி வேலை. அதன்பின் நாசெலுக்குள் பல மாற்றங்கள் செய்தார்கள்.

பெல் நிறுவனத்தின் அடுத்த தலைமுறை வி-280 வேலர், 2017 டிசம்பரில் பறந்தது, இதற்கு வேறு வழி பிடித்தது. இன்ஜின் நுனியிலேயே இருக்கிறது, ஆனால் திரும்புவதில்லை. எப்போதும் படுத்தே இருக்கும். சுழலியும் அதன் கியர்பாக்ஸும் மட்டும் திரும்பும். திருப்ப வேண்டிய எடை குறைந்தது, எண்ணெய் தொல்லை குறைந்தது, சூடான புகை தரையில் அடிக்காததால் பக்கக் கதவு வழியாக வீரர்கள் இறங்க முடிகிறது. இறக்கையும் முன்சாய்வு இல்லாமல் ஒரே நேர்கோடு. ஒரே துண்டாகச் செய்துவிடலாம், குறுக்குத் தண்டும் நேராக ஓடும். என் கணிப்பில், ஆஸ்ப்ரேயைவிட இதுதான் பக்குவமான பொருத்தல். 2022 டிசம்பரில் அமெரிக்க ராணுவம் பிளாக் ஹாக்குக்கு அடுத்து இதையே தேர்ந்தெடுத்தது.

முழு இறக்கையையே சுழலியோடு திருப்பினால் என்ன என்று கேட்கலாம். செய்தார்கள், 1960-களில் அமெரிக்காவின் எக்ஸ்சி-142, கனடாவின் சிஎல்-84. காற்று இறக்கையின் மேல் நேராக விழாது என்பது நன்மை. டில்ட்ரோட்டரில் அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை அப்படியே படுத்திருப்பதால், தூக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இறக்கையைக் கீழே அழுத்துவதிலேயே வீணாகிறது. பின்விளிம்பு மடல்களை முழுதாகக் கீழே மடக்கித்தான் கொஞ்சம் சமாளிக்கிறார்கள். ஆனால் இறக்கை செங்குத்தாக நின்றால் அது கப்பல் பாய்தான். பக்கக் காற்றில் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. நான் இதில் டில்ட்ரோட்டர் கட்சி.

இனி உங்கள் புராஜெக்ட். மின்மோட்டார் மாதிரி என்றால் கியர்பாக்ஸ், குறுக்குத் தண்டு, எண்ணெய் எதுவும் இல்லை. பாதித் தலைவலி போயிற்று. ஆனால் ஒரு மோட்டார் நின்றால் பொருள் புரண்டு விழும், அதற்கு மருந்து இல்லை. இரண்டு மோட்டாரும் எதிரெதிர்த் திசையில் சுற்றட்டும், திருப்பு விசை ஒன்றையொன்று தின்றுவிடும். பின்னாலிருந்து பார்க்கும்போது பிளேடின் மேல்முனை வெளிப்பக்கமாகப் போகும்படி வைத்தால் இறக்கை நுனியில் கிளம்பும் சுழலுக்கு எதிராக அமையும், ஆஸ்ப்ரேயிலும் அப்படித்தான்.

இறக்கைக்குத் தெர்மக்கோல் போதும், ஆனால் உள்ளே ஒரு கார்பன் குழாய் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை தொடர்ச்சியாக ஓட வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டாதீர்கள். சதுரக் குழாயை விட வட்டக் குழாய் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும். மோட்டார் மவுண்ட் அந்தக் குழாயிலேயே சின்னப் பேரிங் இரண்டில் திரும்பட்டும். சர்வோ என்ற குட்டித் திருப்பு மோட்டாரின் கொம்பிலேயே சுழலி மோட்டாரை மாட்டி, சர்வோவின் பல்சக்கரங்களையே பேரிங்காகப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பறப்பில் லொடலொடத்துவிடும். சர்வோ திருப்புவதற்கு மட்டும். பாரத்தைப் பேரிங் சுமக்க வேண்டும். படுத்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் ஒரு தடுப்பு வையுங்கள், சர்வோ அந்தத் தடுப்பின் மேல் இலேசாக அழுத்திக்கொண்டே இருக்கும்படி அளவு வையுங்கள். உங்கள் வேகத்தில் விர்ல் ஃபிளட்டர் வந்து இறக்கை பிய்யாது. ஆனால் மவுண்டில் ஆட்டம் இருந்தால் அந்த நடுக்கம் கட்டுப்பாட்டு போர்டில் சாய்வை உணரும் ஜைரோவைக் குழப்பும். அது இல்லாத சாய்வைத் திருத்தப் பார்க்கும், ஆட்டம் இன்னும் கூடும். பெரிய விமானத்தில் காற்று செய்த வேலையை உங்களுடையதில் சாஃப்ட்வேர் செய்துவிடும்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். உடம்பை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மோட்டாரை இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் தட்டினால், மறுபடி பிரித்து அந்த ஆட்டம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் பறக்கவிடுங்கள். முதலில் கயிற்றில் கட்டி அந்தரத்தில் மட்டும் நிறுத்திப் பழகுங்கள், பிறகு பத்து டிகிரி, இருபது டிகிரி என்று சாயுங்கள். எக்ஸ்வி-3 முதன்முதலில் எழும்பியதற்கும் சுழலிகளை முழுதாகத் திருப்பியதற்கும் நடுவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது, அதனால் அந்தக் கார்பன் குழாயை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.